மம்பட்டி படாத மண்

ஜன்னலோரம் நீங்க உட்காருங்க டீச்சர். எனக்கு வேண்டாம். இந்த மலைப் பாதையில் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தால் எனக்குக் கால் கூசும். கல்யாணமாகி இந்த மலைக்கு வந்து தலையும் நரைத்துவிட்டது, இன்னும் அந்தப் பயம் போகவில்லை. சித்தரேவு தாண்டினதும் ஜெபமாலையைக் கையில் எடுத்துவிடுவேன். பெரும்பாறை வருகிற வரைக்கும் வாய் ஓயாது. எங்க வீட்டுக்காரர் கேலி பண்ணுவார். "சம்பளம் வாங்குறது டிரைவரு, வண்டி ஓட்டுறது நீ" என்பார்.

நான்தான் பிரகாசி. உங்களுக்குப் பூவைப் போட்டோ எடுத்து அனுப்பினானே, அந்த ஜெரோமுடைய அம்மா. எப்படி உங்களை அடையாளம் கண்டேன் என்று பார்க்கிறீங்களா? கழுத்தில் கேமரா, காலில் அட்டை ஏறாமல் இருக்க முழங்கால் வரைக்கும் உறை. தாண்டிக்குடி பஸ்ஸுக்கு அப்படி வேறு யார் வந்து நிற்பார்கள்?

ஒரு சங்கதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தாயி, மனதில் வைத்துக்கொண்டு உங்களோடு பேச எனக்கு வராது. இன்றைக்கு வாங்க என்று உங்களுக்குப் போன் பண்ணினது என் மகள் செலின். ஆனால் பண்ணச் சொன்னது நான். ஜெரோமுக்குத் தெரியாது. அவங்கப்பாவுக்குச் சுத்தமாகத் தெரியாது. கண் ஆபரேஷனுக்கு அவரை ஜெரோம் திண்டுக்கல் கூட்டிப் போயிருக்கிறான், நாளைக்குத்தான் வருவார்கள். அதனால்தான் இன்றைக்கு. இன்றைக்கு விட்டால் நடக்காது.

சீட்டுக்கு அடியில் சாக்குப் பை இருக்கிறது, கால் பட்டுவிடப் போகிறது. மம்பட்டி. புதுசு. வீட்டில் இருந்ததையெல்லாம் அவர் எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டார். காப்பித் தோட்டம் வைத்திருக்கிற வீட்டில் ஒரு மம்பட்டி இல்லை என்றால் யாராவது நம்புவார்களா? விடிந்ததும் முதல் பஸ்ஸில் இறங்கி வந்து வத்தலக்குண்டில் வாங்கினேன். கடைக்காரர், "என்னாம்மா, ஆம்பளைக யாரும் வரலையா?" என்று கேட்டார். மாதாவே, பொய் சொல்ல வைக்காதே என்று வேண்டிக்கொண்டு சும்மா நின்றேன்.

மம்பட்டி எதற்கா? உங்களுக்குத்தான். அந்தப் பூவை வேரோடு, கிழங்கோடு, கீழே என்ன இருக்கிறதோ அத்தனையோடும் தோண்டி எடுத்துக்கொண்டு போயிடுங்க. காலேஜில் வைத்துப் பாருங்க, படியுங்க, என்ன வேண்டுமானாலும் செய்யுங்க. எங்க தோட்டத்தில் அது இருக்க வேண்டாம்.

என்ன சொல்றீங்க? தோண்டினால் செத்துப்போகுமா? வேறு மண்ணில் வைத்தால் வராதா? போகட்டும் தாயி. சாகட்டும். பூவைப் பார்த்துச் சாகட்டும் என்று சொல்கிற பொம்பிளை இல்லை நான். வீட்டைச் சுற்றி டேலியா, ரோஜா, கோயில் பீடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுப் பூதான் போகும். ஆனால் இது பூ மாதிரி இல்லையே. உங்களுக்குத் தெரியும். ஜெரோம் அனுப்பின போட்டோவைப் பார்த்துவிட்டுப் போனில் அப்படிச் சந்தோஷப்பட்டீங்களாமே. நீங்க போட்டோவில் பார்த்தீங்க. நான் நேரில் பார்த்தேன்.

முதல் தடவை பார்த்தது சில வருஷத்துக்கு முன்னால். கோடை மழை விழுந்து நாலு நாள் இருக்கும். விறகு பொறுக்கப் போனேன். பலா மரத்தடியில், மக்கின இலைக்குள்ளே இருந்து வெள்ளையாக என்னமோ எட்டிப் பார்க்கிறது. காளான் என்று நினைத்துக் குனிந்தேன். காளான் இல்லை. தண்டு. ஒரு இலை கிடையாது, பச்சை என்கிறது ஒரு பொட்டுக் கிடையாது. தோல் உரித்த மாதிரி, உள்ளே வெளிச்சம் போகிற மாதிரி ஒரு வெள்ளை. மேலே மொட்டெல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. சாயங்காலம் இல்லாத ஒன்று காலையில் ஒரு விரல் உயரம் நின்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? விரல் என்றுதான் எனக்குத் தோன்றியது டீச்சர். உள்ளே இருந்து யாரோ விரலை நீட்டுகிறார்கள் என்று. விறகைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

அந்த வாரமே அவர் மிளகு ஏணியில் இருந்து விழுந்தார். இடுப்பு எலும்பு போச்சு. இன்றைக்கு வரைக்கும் கம்பு இல்லாமல் நடக்க முடியாது.

தற்செயல் என்று நீங்க சொல்வீங்க. நானும் அப்படித்தான் மனதைத் தேற்றினேன். அடுத்த வருஷம் வரவில்லை, அதற்கு அடுத்ததும் வரவில்லை. மறந்தே போய்விட்டேன். போன வருஷம் மழைக்கு மறுபடியும் வந்தது. கூடுதலாக வந்தது. ஒட்டன்சத்திரத்தில் இருந்து செலினுடைய மாமியார் போன் பண்ணினார். செலினுக்கு அப்போது மூன்றாம் மாதம். நிற்கவில்லை. கலைந்துவிட்டது.

இப்போது செலினுக்கு ஏழாம் மாதம். எங்க வீட்டில்தான் இருக்கிறாள். போன வாரம் மழை பெய்தது. அது வந்துவிட்டது. ஒன்று இரண்டு இல்லை டீச்சர், மரத்தடி பூராவும்.

இந்தப் பிள்ளை என்ன செய்தாள் தெரியுமா? வயிற்றைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் அதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, இங்க வந்து பாரேன், உள்ள சின்னதா ரோசாப்பூ நிறத்துல புள்ளி வெச்சிருக்கு" என்கிறாள். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, வாசலில் நிற்க வைத்து, தீர்த்தம் தெளித்த பிறகுதான் உள்ளே விட்டேன். "அம்மா, பூவுக்கு என்னம்மா தெரியும், பாவம்" என்கிறாள். பாவமாம்.

பங்குச் சாமியாரிடம் போனேன். நல்ல மனுஷர், சின்ன வயசு. கேட்டுவிட்டுச் சிரித்தார். "பூவைப் படைச்சவரும் அவர்தானேம்மா, பயப்படாமப் போங்க" என்றார். பாட்டிலில் தீர்த்தம் வாங்கி வந்து அந்த இடம் பூராவும் தெளித்தேன், அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே. மறுநாள் போய்ப் பார்த்தால் இன்னும் அதிகமாக வந்திருக்கிறது! ஜெரோம் விழுந்து விழுந்து சிரித்தான். "தண்ணி ஊத்தினா வரத்தானேம்மா செய்யும்?" அவனுக்கு எல்லாம் விளையாட்டு.

ஆனால் அவன்தான் நீங்க சொன்னதை வந்து சொன்னான். அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்லை. அது வெயிலில் சமைத்துச் சாப்பிடுகிற செடி இல்லையாமே? மண்ணுக்குள்ளே மக்கிக் கிடக்கிறதைத் தின்கிற பூஞ்சையிடம் வாங்கித் தின்கிறதாமே? வருஷக்கணக்காக மண்ணுக்குள்ளேயே கிடக்குமாம், வெளியே வருகிறது பூக்க மட்டும்தானாம். நிழல் வேண்டுமாம், ஈரம் வேண்டுமாம், கனமாக இலைக்குப்பை வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் மேலே, ஆள் கிளறாத மண் வேண்டுமாம். "காட்டுக்குள்ள இருக்கற பூம்மா, காப்பித் தோட்டத்துல வந்தது அதிசயம், அந்த இடத்துல எத்தனையோ வருசமா மம்பட்டியே படலைன்னு அர்த்தம், டீச்சர் அப்படித்தான் சொன்னாங்க" என்றான்.

அது சரிதான். படவில்லை. அவர் பட விட்டால்தானே?

அந்தக் கதையைக் கேளுங்க, நீங்களே சிரிப்பீங்க. எங்க தோட்டம் சின்னது. ஒரு அடி மண்ணை வீணாக விட முடியாது. வருஷத்துக்கு இரண்டு தடவை களை வெட்டுகிறோம், கொத்துகிறோம், எரு வைக்கிறோம். அந்தப் பலா மரத்தடியை மட்டும் விட்டுவிடுவார். ஒரு காப்பிச் செடி வைக்க விடமாட்டார். அந்த மரமும் ஒன்றுக்கும் ஆகாத மரம். காய் சூம்பிச் சூம்பி விழும். நிழல் கனத்துப்போய் பக்கத்துச் செடியெல்லாம் காய்ப்பே இல்லை. வெட்டிப் போடுங்க என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! காதிலேயே விழாது. அது மட்டுமா? தோட்டம் பூராவும் விழுகிற இலையைக் கூடையில் அள்ளிக்கொண்டு வந்து அங்கே கொட்டுவார். இடுப்பு ஒடிந்த பிறகும், கம்பை ஊன்றிக்கொண்டு, ஒரு கையில் கூடை. பக்கத்துத் தோட்டத்துச் சூசை இருக்கிறாரே, வேலியில் நின்று கத்துவார். "என்ன மச்சான், பொதையல் எதுவும் பொதச்சு வெச்சிருக்கியா? எனக்கும் பாதி உண்டுல்ல?" இவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்துகொள்வார்.

நல்ல மனுஷர்தான் டீச்சர். குடி கிடையாது, என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசினது கிடையாது. ஆனால் மனசு மட்டும் கல். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், நீங்க இறங்கிப் போய்விடுவீங்க. செலின் பிறந்தப்போ என்ன செய்தார் தெரியுமா? வீட்டில்தான் பிரசவம். பிள்ளை அழுகிற சத்தம் கேட்டும் உள்ளே வந்து முகம் பார்க்கவில்லை. நேரே அந்தப் பலா மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். பெண் பிள்ளை என்று கோபம் போல என்று நான் அழுதேன். அப்புறம் ஜெரோம் பிறந்தான், ஆண் பிள்ளை. அப்பவும் அப்படித்தான், முதலில் மரத்தடி, அப்புறம்தான் பிள்ளை. என்ன மனுஷரோ.

அடேயப்பா, எப்படித் திருப்புகிறான் பாருங்க! கம்பியைப் பிடித்துக்கோங்க. இயேசு மரி சூசை.

மூன்று நாளைக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். அவர் தூங்குகிறார் என்று நினைத்து ஜெரோமிடம் சொன்னேன், "தம்பி, உன் அக்கா வயித்தை நினைச்சுப் பாரு, போய் ரெண்டு வெட்டு வெட்டி எறிஞ்சுட்டு வந்துரு." அவனுக்கு மனசில்லை. உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று இருந்தான். ஆனாலும் என் கண்ணீருக்காக மம்பட்டியை எடுத்தான். நாங்கள் போய் நின்றோம். அவன் மம்பட்டியைத் தூக்கினான். பின்னால் சருகு சத்தம். திரும்பிப் பார்த்தால் அவர். கையில் கம்பு இல்லை. இடுப்பை இழுத்துக்கொண்டு, காப்பிச் செடியைப் பிடித்துப் பிடித்து வருகிறார். வந்து, அந்தப் பூவுக்கு நடுவில், ஒன்றைக்கூட மிதிக்காமல், அப்படியே உட்கார்ந்தார்.

"அப்பா, எந்திரிங்கப்பா, ஈரம்."

"என்னைய முதல்ல வெட்டு."

நாய் மேலேகூடக் குரல் உயர்த்தாத மனுஷர், டீச்சர். ஜெரோம் மம்பட்டியைக் கீழே போட்டுவிட்டான். நான் அழுதுகொண்டே சத்தம் போட்டேன். உங்க பேரப் பிள்ளையை விட இந்தப் பேய்ப் பூ பெருசா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இலைக்குப்பை மேலே கையை வைத்து மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். இப்படி... இப்படி. தொட்டிலில் தட்டுகிற மாதிரி. "சத்தம் போடாத பிரகாசி. இங்க நின்னு சத்தம் போடாத" என்றார். கிசுகிசு என்று சொன்னார்.

அன்றைக்குத்தான் நான் முடிவு பண்ணினேன். அவருக்குப் புத்தி பேதலிக்கிறது, அந்தப் பூ அவரைப் பிடித்துவிட்டது என்று. அன்று சாயங்காலமே மம்பட்டி, கொத்து, கடப்பாரை ஒன்றையும் காணோம். அப்புறம்தான் செலின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி உங்களுக்குப் போன் போட வைத்தேன்.

உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கா தாயி? இன்னும் இல்லையா? ஆண்டவர் கொடுப்பார். இருந்தால் நான் ஏன் இப்படி நடுங்குகிறேன் என்று தெரியும். செலின் மூத்தவள் என்று ஊர் சொல்லும். அவளுக்கு மேலே ஒன்று உண்டு.

ஐப்பசி மழை. மூன்று நாள் விடாமல் கொட்டினது. பாதையெல்லாம் சரிந்து கிடந்தது, ஜீப் வரவில்லை. வீட்டிலேயே பிறந்தது. அழவில்லை. என் மாமியார் முதுகில் தட்டித் தட்டிப் பார்த்தார், அழவில்லை. ஞானஸ்நானம் கொடுக்க மூச்சு இருந்தால்தானே? அப்போதெல்லாம் ஞானஸ்நானம் பெறாத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்தில் வைக்கமாட்டார்கள். இப்போது அப்படிப் பார்ப்பதில்லை என்று சாமியார் சொல்கிறார். அப்போது அப்படி. அவர் தன்னுடைய கல்யாண வேட்டியைக் கிழித்துச் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். ஒரு கையில் பிள்ளை. ஒரு கையில் மம்பட்டி. மழைக்குள்ளே போன முதுகுதான் எனக்குத் தெரிந்தது.

முகம் பார்க்கவில்லை நான். காட்டவில்லை. ஆண் என்று மட்டும் சொன்னார்கள்.

திரும்பி வந்து வாசலில் நின்றார், முழங்கை வரைக்கும் சேறு. "எங்க வெச்சீக?" என்று கேட்டேன். என் மாமியார் பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார். "கேக்காத. எடத்தப் பாத்த வயித்துல அடுத்தது தங்காது. அவன்கிட்ட கேக்காத, அவனும் சொல்லமாட்டான்." அப்படி ஒரு நம்பிக்கை அவருக்கு. இவர் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே கையை மட்டும் அந்தப் பக்கமாக நீட்டினார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தப் பேச்சு எங்க வீட்டில் எடுத்ததே இல்லை.

இல்லை டீச்சர், இடம் எனக்குத் தெரியும். நடமாட ஆரம்பித்ததும் அவர் கை நீட்டின பக்கமாகவே போனேன். ஓடைக்கரையில் ஒரு வெள்ளைப் பாறை, பக்கத்தில் மண் கொஞ்சம் மேடாக இருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இங்கேதான் என்று. தாய்க்குத் தெரியாதா? ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அங்கே போய் மெழுகுவத்தி கொளுத்திவிட்டு வருவேன். செலினுக்குக்கூடத் தெரியாது. அவர் ஒரு நாள் கூட வந்ததில்லை. கூப்பிட்டும் பார்த்திருக்கிறேன். "நீ போயிட்டு வா" என்பார். அன்றைக்குப் பார்த்துக் காலையில் இருந்து அந்தப் பலா மரத்தடியிலேயே உட்கார்ந்திருப்பார், கஞ்சிகூடக் குடிக்காமல். பெற்ற பிள்ளைக்கு ஒரு மெழுகுவத்தி கொளுத்த மனசு இல்லாதவர். கல் என்று சொன்னேனே.

ஏன் டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீங்க? வளைவில் குமட்டுகிறதா? எலுமிச்சம்பழம் இருக்கிறது, மோந்து பாருங்க.

என்ன கேட்டீங்க?

ஆமாம், ஓடைப் பக்கம்தான் கையை நீட்டினார். எங்க வாசலில் நின்றால் இந்தக் கைப் பக்கம் தோட்டம் சரிந்து இறங்கும். அதிலே இறங்கினால் கடைசியில் ஓடை. நடுவில் என்ன இருக்கிறதா? காப்பிச் செடிதான். அப்புறம் சில்வர் ஓக்கு மரம். அப்புறம்...

அப்புறம் பலா.

பலா மரத்தைத் தாண்டித்தான் ஓடைக்குப் போகணும்.

...

அவர் பாறை என்று சொல்லவில்லை. கையைத்தான் நீட்டினார். பாறை நான் பார்த்தது. ஆமாம் தாயி. பாறை நானாகப் பார்த்தது.

கொஞ்சம் இருங்க. பேசாதீங்க. கொஞ்சம் இருங்க.

பிறந்த பிள்ளையைப் பார்க்காமல் அங்கே போனாரே. செலின் பிறந்தப்பவும். ஜெரோம் பிறந்தப்பவும். சொல்லத்தான் போனாரா? தங்கச்சி வந்திருக்கா, தம்பி வந்திருக்கான் என்று அங்கே போய்ச் சொல்லிவிட்டுத்தான் வந்தாரா?

சத்தம் போடாத என்றாரே.

நான் ஒவ்வொரு வருஷமும் கையில் மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு அதைத் தாண்டிப் போயிருக்கிறேன் டீச்சர். அவர் அங்கே உட்கார்ந்திருப்பார். நான் கோபத்தில் அவர் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், விறுவிறு என்று, அதைத் தாண்டி.

இந்தாங்க, என் கையைப் பிடித்துக்கோங்க. மாதாவே. இன்றைக்கு நான் என்ன செய்யப் பார்த்தேன். கீழே என்ன இருக்கிறதோ அத்தனையோடும் என்று சொன்னேனே, என் வாயால் சொன்னேனே.

பூலாங்காடு வந்துவிட்டது. நாம் இறங்கணும். கண்டக்டர் தம்பி, ஆள் இறங்கணும்ப்பா, ரெண்டு பேரு, கொஞ்சம் நிறுத்துப்பா!

இல்லை தாயி, அந்தப் பையை எடுக்காதீங்க. சீட்டுக்கு அடியிலேயே கிடக்கட்டும். தெரியும், புதுசுதான். பஸ்ஸோடேயே போகட்டும்.

மெதுவாக இறங்குங்க, படி வழுக்கும். அந்தப் பூ எத்தனை நாள் நிற்கும் என்று ஜெரோமிடம் சொன்னீங்க? அவ்வளவுதானா? ஒரு வாரம்கூட நிற்காதா? வந்து ஆறேழு நாள் ஆகிவிட்டதே டீச்சர். வெயில் வேறு ஏறுகிறது. அதற்குள் கறுத்துப்போயிருக்குமா? சாய்ந்திருக்குமா? நடங்க, கொஞ்சம் வேகமாக நடங்க. இது குறுக்குப் பாதை, நான் முன்னால் போகிறேன். நான் இன்னும் அதை ஒரு தடவைகூடச் சரியாகப் பார்க்கவில்லை தாயி.